வாக்கா, வேடமா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஏழு நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். வணக்கத்தை இத்தோடு முடித்துக்கொள்கிறேன்.

'ஐரோப்பிய நைட்டுகளிடம் விஞ்சி நின்றது கொடுத்த வாக்கா, கட்டிய வேடமா?' இதுதான் தலைப்பு. நைட்டு என்றால் பழைய ஐரோப்பாவில் வாக்குறுதி ஏற்றுப் பட்டம் பெற்ற குதிரை வீரன். வாக்குதான் என்று பேச ஆறு பக்கம் எழுதி வந்தேன். ஆனால் எதிரணி அம்மையார், "ஒரு பெண்ணின் கால்பட்டி அவிழ்ந்து விழுந்ததற்குச் சங்கம் ஆரம்பித்தவர்கள்தானே இவர்கள்!" என்றார். நீங்களும் கைதட்டிவிட்டீர்கள். ஆறு பக்கமும் பைக்குள் போய்விட்டது.

அம்மா, காலில் கிடந்ததை அவ்வளவு இளக்காரமாகப் பேசலாமா? ஒற்றைச் சிலம்புக்காக மதுரையை எரித்த கதையைப் படித்தவர்கள் நாம். செருப்பை அரியணையில் வைத்துப் பதினான்கு ஆண்டு நாடாண்ட கதைக்குக் கண்ணீர் விட்டவர்கள். இங்கிலாந்துக்காரன் ஒரு கால்பட்டியைத் தூக்கினால் மட்டும் சிரிப்பா?

நடன விருந்தில் சால்ஸ்பரி சீமாட்டியின் கால்பட்டி, அதாவது காலுறை நழுவாமல் கட்டும் பட்டி, விழுந்ததாம். சபை சிரித்ததாம். இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்ட் அரசர் குனிந்து எடுத்துத் தன் காலிலேயே கட்டிக்கொண்டு, 'இதில் தவறு காண்பவன் வெட்கப்படட்டும்' என்றாராம். இந்தக் கதை ஏட்டில் ஏறியதே நூறு ஆண்டுக்கு மேல் கழித்துத்தான், வரலாற்றாசிரியர்கள் நம்புவதில்லை. ஆனால் 1348 வாக்கில் பிறந்த அந்த நைட்டுகள் சங்கமும் வாசகமும் உண்மை. லண்டன் மாப்பிள்ளை வந்தால் அவருடைய பாஸ்போர்ட் அட்டையைப் பாருங்கள். அரசச் சின்னத்தில், கேடயத்தைச் சுற்றி அதே வாசகம், பிரெஞ்சு மொழியில். சிரித்தவர்களுக்கு எழுதிய பதில் அது, அம்மையாரே!

அதே எட்வர்ட் 1346 ஆகஸ்ட் 26 அன்று பிரான்சில் உள்ள கிரேசி என்ற ஊரில் பிரெஞ்சுப் படையோடு மோதினார். பிரெஞ்சுப் பக்கம் பொஹீமியா, அதாவது இன்றைய செக் நாட்டுப் பகுதியின், அரசர் ஜான். ஐம்பது வயது. இரண்டு கண்ணிலும் பார்வை இல்லை. போர் தோற்றுக்கொண்டிருக்கிறது. கூட இருந்த மகன் சார்லஸ், நிலைமை சரியில்லை என்று கிளம்பிவிட்டார் என்று எழுதுகிறார் அந்த நூற்றாண்டின் வரலாற்றெழுத்தாளர் ஃப்ருவாசார். அந்தச் சார்லஸ் பின்னாளில் பேரரசரானார். கிளம்பியவர்களுக்குத்தான் எப்போதும் பதவி!

தந்தை கிளம்பவில்லை. "என் வாள் ஒரு வீச்சாவது வீசட்டும், என்னை முன்னே கொண்டுபோங்கள்" என்றார். கூட்டத்தில் அவரைத் தவறவிடக் கூடாதே என்று நைட்டுகள் தங்கள் குதிரைகளின் கடிவாளத்தை அவர் குதிரையோடு சேர்த்துக் கட்டினார்கள். போனார்கள். மறுநாள் எல்லோரும் அவரைச் சுற்றிப் பிணமாகக் கிடந்தார்கள். குதிரைகள் கட்டு அவிழாமல் இருந்தன.

இன்னொரு முறை சொல்கிறேன், இப்போது அரசரை விட்டுவிட்டு முடிச்சைப் பாருங்கள். அவருக்குத் தெரியாது, எதிரே எத்தனை வில் நிற்கிறதென்று. முடிச்சுப் போட்டவர்களுக்குத் தெரியும். அவர் பார்க்காமல் போனார். அவர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள். முட்டாள்தனம் என்கிறது எதிரணி. ஆமாம், முட்டாள்தனம்தான்! வேடம் போட்டவன் அந்த முடிச்சைப் போடுவானா?

பகட்டு என்றும் சொன்னீர்கள். பகட்டு உண்டு. மால்டா தீவின் வல்லெட்டா நகரில் ஹாஸ்பிட்டலர் நைட்டுகள், அதாவது நோயாளிகளைப் பேணுவதாக வாக்குக் கொடுத்த கிறிஸ்தவ நைட்டுகள், வெள்ளித் தட்டு வைத்திருந்தார்கள். யாருக்கு? ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நோயாளிக்கு. பிரபு வீட்டுப் பிள்ளைகள் முறை வைத்து உணவு பரிமாறினார்கள். நோயாளிகளை 'எங்கள் எசமானர்கள்' என்று அழைப்பது ஜெருசலேம் காலத்திலிருந்தே அவர்கள் வழக்கம்.

என் அம்மா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நான் வேலையை முடித்துவிட்டு இரவில்தான் போவேன். ஒரு நாள் போனபோது பக்கத்துக் கட்டில்காரரின் மகன், எவர்சில்வர் டம்ளரில் கஞ்சியை ஆற்றி ஆற்றி அம்மாவுக்குப் புகட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், "இன்னும் ரெண்டு மிடறுதான், இருங்கள்" என்றான். அவன் பெயரைக்கூட நான் கேட்கவில்லை, நடுவர் அவர்களே.

மணி அடித்துவிட்டீர்கள். உட்கார்ந்துகொள்கிறேன்.