அடிக்கட்டையைப் படிக்கத் தெரிய வேண்டும்

(திருகோணமலையில் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, கிராமங்களிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் அம்மாமாரே, ஐயாமாரே, வணக்கம்.

ஒரு மரக்கன்றிலிருந்து தொடங்குகிறேன். கந்தளாய்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு, மக்கள் பங்கேற்புடன் காடு வளர்த்த திட்டமொன்றை மதிப்பிடப் போயிருந்தோம். அறிக்கையில் கன்றுகளின் எண்ணிக்கை இருந்தது. நட்ட நாளின் படங்கள் இருந்தன. நிலத்தில் நின்ற காய்ந்த குச்சி ஒன்றைப் பிடித்து இழுத்தேன். கறுப்புப் பொலித்தீன் பையோடு கையில் வந்தது. வேர் அந்தப் பைக்குள்ளேயே வட்டமடித்துச் செத்திருந்தது. நட்ட திகதி யூன் 5, உலகச் சுற்றாடல் தினம். கச்சான் காற்று மண்ணை வறுத்தெடுக்கும் மாதத்தில் இந்த மாவட்டத்தில் யாராவது மரம் நடுவார்களா? ஐப்பசி மழை வரட்டும் என்று எந்தக் கமக்காரரும் சொல்லியிருப்பார். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. ஆனால் வரவுப் பதிவேட்டில் அவர்கள் எல்லோருடைய கையொப்பமும் இருந்தது. அறிக்கை பங்கேற்பு என்று எழுதியது அதைத்தான்.

இலங்கையின் காடுகள் கட்டளைச் சட்டம் 1907இல் வந்தது. அந்தக் காலத்து அதிகாரிகளின் கண்ணில் காட்டுக்குள் போகிறவன் கள்ளன். மக்களையும் பங்காளிகளாகச் சேர்க்க வேண்டும் என்று 1995ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை ஏற்றுக்கொண்டது. கொள்கை மாறிவிட்டது, திட்டங்களை மதிப்பிடும் அளவுகோல் மாறவில்லை. எத்தனை கன்று, எத்தனை கூட்டம், எவ்வளவு செலவு என்றே இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

அன்று எங்களோடு தேன் எடுக்கும் பெரியவர் ஒருவர் நடந்தார். வெட்டுண்ட பாலை மரத்தின் அடிக்கட்டை ஒன்றின் அருகே குந்தி, "இது கோடரி" என்றார். சரிவான வெட்டு, சுற்றிலும் பழைய சிராய்கள், ஓரத்தில் புதிய துளிர். இன்னும் சற்றுத் தூரத்தில் ஒரு முதிரை மரத்தின் அடிக்கட்டை. மேசைப் பலகை போல வழவழப்பான வெட்டு. "இது இயந்திர வாள். லொறி வந்திருக்கிறது" என்றார். முன்னது வேலிக் கட்டைக்காக ஊரவர் வெட்டியது. பின்னது வெளியூர் வியாபாரம். எங்கள் படிவத்திலோ இரண்டும் சேர்ந்து "வெட்டப்பட்ட மரங்கள்: 2". ஒன்றுக்கு ஊர்க்கூட்டத்தில் பேசித் தீர்வு காணலாம், மற்றதற்கு வீதியில் காவல் வேண்டும் என்பதை அந்தப் படிவம் எப்படிச் சொல்லும்?

எலினோர் ஒஸ்ட்ரம் 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். பல நாட்டுக் காடுகளை ஆராய்ந்தவர். காடு அரசுடையதா, ஊருடையதா என்பதைவிட, அதைப் பயன்படுத்துகிறவர்களே தவறாமல் கண்காணிக்கிறார்களா என்பதுதான் முக்கியம் என்று கண்டார். நம் பெரியவர் செய்ததும் அதே வேலை. சம்பளமும் இல்லை, படிவமும் இல்லை.

ஊரிடம் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. நேபாளத்தில் 1993ஆம் ஆண்டு வனச் சட்டத்துக்குப் பின், ஊர்க் காட்டைத் தாங்களே பராமரித்துப் பயன்படுத்தும் பயனாளர் குழுக்கள் இருபதாயிரத்துக்கும் மேல் உருவாகின. பல மலைகள் மீண்டும் பச்சையாயின. ஆனால் காணி உள்ளவர்கள் குழுத் தலைவர்களான இடங்களில், விறகை நம்பியிருந்த ஏழைப் பெண்களுக்குக் காட்டு வாசல் அடைபட்டது. செய்மதிப் படத்தில் பச்சைதான் தெரியும். விறகுக் கட்டோடு கூடுதலாக நடக்கும் இரண்டு மைல் தெரியாது. பாலைப்பழக் காலத்தில் வீதியோரம் பழம் விற்கிறவர்களின் வருமானமும் அதில் தெரியாது.

இன்னொரு சிக்கல். இந்தப் பக்கக் காடு தப்பியது என்று மகிழும்போது, வெட்டு அடுத்த கிராமத்துக் காட்டுக்குப் போயிருக்கலாம். ஆகவே திட்டம் நடந்த காட்டை மட்டும் பார்த்தால் போதாது. திட்டமே வராத ஒரு காட்டையும், மண்ணும் மழையும் ஒத்ததாகத் தேர்ந்து, பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தொடங்குமுன் எடுத்த கணக்கு வேண்டும். திட்டப் பணம் நின்று மூன்று வருடமான பிறகும் ஒருமுறை போக வேண்டும். இதற்கு நிதி ஒதுக்குகிறவர்களை நான் அதிகம் கண்டதில்லை. திறப்பு விழாவுக்கு ஒதுக்குகிறவர்கள் நிறையப் பேர்.

மாரி ஓய்ந்ததும், தை மாதத்தில், அதே காட்டு வழியில் மறுபடி நடக்கிறோம். இம்முறை படிவத்தை அந்தப் பெரியவரும் விறகுக்குப் போகும் பெண்கள் நால்வரும் எழுதியிருக்கிறார்கள். முதல் கேள்வியே "கோடரியா, வாளா?" என்பதுதான். வர விரும்புகிறவர்கள் பெயர் கொடுங்கள். காலை ஆறு மணிக்குப் புறப்படுகிறோம். செருப்போடு வராதீர்கள், சப்பாத்துப் போடுங்கள். அங்கே சூரை முள் அதிகம்.