வெள்ளிக்கிழமை இதழ்களும் ஜெரா கோல்பர்னும்

அவைத் தலைவர் அவர்களே, அவையோரே,

விக்டோரியா காலப் பொறியியல் என்றதும் பாலங்களும் ரயில் எஞ்சின்களுமே நினைவுக்கு வருகின்றன. அவற்றின் வரைபடங்களை வாரந்தோறும் அச்சிட்டுப் பட்டறைகளுக்குக் கொண்டுசேர்த்த பத்திரிகைகளைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

1855-இல் பிரிட்டனில் செய்தித்தாள்களின் கட்டாய முத்திரை வரி நீங்கியது. மறு ஆண்டு ஜனவரி 4 அன்று எட்வர்டு சார்லஸ் ஹீலி லண்டனில் ‘தி என்ஜினியர்’ வார இதழைத் தொடங்கினார். 1852-ஆம் ஆண்டுச் சட்டத்தால் காப்புரிமை பெறும் செலவு வெகுவாகக் குறைந்திருந்தது. அவ்வாறு பெருகிய காப்புரிமைகளின் விவரங்களையும் இதழ் தொடர்ந்து வெளியிட்டது.

இந்த இதழின் ஆசிரியராக வந்தவர் ஜெரா கோல்பர்ன். 1832-இல் அமெரிக்காவில் பிறந்து, ரயில் எஞ்சின் தொழிற்சாலைகளில் தொழில் பழகி, நியூயார்க்கில் சொந்தப் பத்திரிகையும் நடத்திப் பார்த்தவர். எழுத்தில் அவருக்கு இருந்த நிதானம் வாழ்க்கையில் இருக்கவில்லை என்றே சொல்லவேண்டும். அந்த நிதானத்துக்குக் கொதிகலன் வெடிப்பைப் பற்றி 1860-இல் அவர் எழுதியது சான்று. மர்ம வாயு என்றும் மின்சாரம் என்றும் பலர் காரணம் கற்பித்துக்கொண்டிருந்தபோது, தகடு ஓரிடத்தில் கிழிந்ததும் அழுத்தம் சட்டென்று விழ, அதுவரை அடங்கிக் கிடந்த கொதிநீரின் ஒரு பகுதி நொடியில் ஆவியாகி, மீதி நீரையும் வாரிக்கொண்டு தகடுகளின் மேல் மோதுகிறது என்று அவர் விளக்கினார். மர்மத்துக்கு அங்கே இடமே இல்லை.

1866 ஜனவரியில் கோல்பர்ன் ‘என்ஜினியரிங்’ என்ற போட்டி இதழைத் தொடங்கினார். இரண்டு இதழ்களுமே வெள்ளிக்கிழமைதோறும் வெளிவந்தன. அக்காலத்து அச்சுப் படம் எளிய காரியமன்று. பாக்ஸ்வுட் என்னும் மிகக் கடினமான மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில் ஒவ்வொரு கோட்டையும் கையால் செதுக்க வேண்டும். அந்த மரம் பருத்து வளராததால், பெரிய படத்துக்குச் சிறு கட்டைகள் பலவற்றைப் பிணைக்க வேண்டியிருந்தது. ஒரு தொழிற்சாலையின் சுவருக்குள் இருந்த எஞ்சின் இப்படித்தான் அளவுகளோடு ஊரறிய வெளிவந்தது. இதையே இவ்விதழ்களின் தலையாய பணியாக நான் கருதுகிறேன்.

கோல்பர்ன் தம் இதழின் வளர்ச்சியைக் காணவில்லை. 1870 ஏப்ரலில், மாசச்சூசெட்ஸ் மாநிலத்துப் பெல்மான்ட்டில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். உதவியாளர்களாக இருந்த வில்லியம் மா, ஜேம்ஸ் டிரெட்ஜ் இருவரும் ஆசிரியர் பொறுப்பை ஏற்றனர். மா 1924-இல் இறக்கும்வரை அதில் இருந்தார்.

அவர்கள் காலத்து இதழ்களில் 1890 பிப்ரவரி 28 இதழ் தனியே குறிப்பிடத்தக்கது. ஸ்காட்லாந்தின் ஃபோர்த் பாலத்தைக் கட்டிய பொறியாளர்களில் ஒருவரான வில்ஹெல்ம் வெஸ்ட்ஹோஃபென், 1,710 அடி நீளமுள்ள இரண்டு பெரும் இடைவெளிகளைத் தாண்டும் அந்தப் பாலம் எழுந்த விதத்தை அதில் விரிவாக எழுதினார். நான்கு நாள் கழித்து, மார்ச் 4 அன்று, வேல்ஸ் இளவரசர், தகடுகளைப் பிணைக்கும் ஆணியான ரிவெட்டில் கடைசி ஒன்றை அடித்துப் பாலத்தைத் திறந்துவைத்தார். அன்று கூடியிருந்தவர்களில் அந்த இதழைப் படித்திருந்தவர்களுக்கு, அந்த ரிவெட் எதைத் தாங்குகிறது என்பது முன்பே தெரிந்திருக்கும்.