ஏழு மாலைகள், பத்து வருடங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பன்னிரண்டு, பதிமூன்று வயதில் பிள்ளை இருக்கிற எந்த வீட்டிலும் ஒரு கவலை உண்டு. சேர்க்கை சரியில்லாமல் போய்விடுமோ, சிகரெட்டைத் தொட்டுவிடுவானோ, குடிப்பழக்கம் வந்துவிடுமோ என்கிற கவலை. கண்டித்து வளர்க்க வேண்டும் என்பார் ஒருவர். அன்பாகச் சொன்னால் கேட்கும் என்பார் இன்னொருவர். இந்த ஒரு கேள்வியையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்ட பேராசிரியர்கள் உலகில் இருக்கிறார்கள். பழக்கம் வந்த பிறகு மருத்துவம் செய்வதல்ல அவர்கள் துறை. வருவதற்கு முன்பே, பெற்றோரையும் பிள்ளையையும் ஒன்றாகக் கூப்பிட்டுப் பயிற்சி கொடுப்பார்கள். அதற்குப் பலன் இருந்ததா என்று வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்ப்பார்கள். இந்த இரண்டாவது வேலைதான் பெரிய வேலை. அதனால்தான் இதைப் பற்றிப் பேச வேண்டும் என்று எனக்கு ஆசை.

முதலில் ஒரு பழைய சம்பவம். கொஞ்சம் நீளம்தான், ஆனால் இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

1939ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம். பாஸ்டன் நகரை ஒட்டி கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்று இரண்டு ஊர்கள். ரிச்சர்ட் கேபட் என்ற மருத்துவர் அங்கே ஒரு திட்டம் தொடங்கினார். 506 சிறுவர்களைத் தேர்ந்தெடுத்து, வயது, குடும்ப நிலை, சுபாவம் எல்லாம் பார்த்து இருவர் இருவராக ஜோடி சேர்த்தார்கள். 253 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு நாணயத்தைச் சுண்டினார்கள். ஒருவன் திட்டத்துக்குள், மற்றவன் வெளியே. உள்ளே வந்தவனுக்கு வீட்டுக்கே வந்து பார்க்கும் ஓர் ஆலோசகர், பாடம் சொல்லிக்கொடுக்க ஆள், மருத்துவ வசதி, கோடை முகாம் என்று சராசரியாக ஐந்து வருடம் எல்லாம் கிடைத்தது. வெளியே நின்றவனுக்கு ஒன்றுமில்லை. 1945இல் திட்டம் முடிந்தது.

முப்பது வருடம் கழித்து ஜோன் மெக்கார்டு என்ற ஆய்வாளர் அந்தச் சிறுவர்களைத் தேடினார். எல்லோரும் நடுவயதுக்காரர்கள் ஆகிவிட்டார்கள். திட்டம் உங்களுக்கு உதவியதா என்று கேட்டால், மூன்றில் இரண்டு பங்குபேர் உதவியது என்றார்கள். நன்றியோடு சொன்னார்கள். அதோடு நிறுத்தியிருந்தால் அருமையான திட்டம் என்று எழுதி முடித்திருக்கலாம். மெக்கார்டு நிறுத்தவில்லை. நீதிமன்றப் பதிவு, மருத்துவமனைப் பதிவு, இறப்புப் பதிவு எல்லாவற்றையும் எடுத்து, ஜோடியில் மற்றவனோடு ஒப்பிட்டார். 1978இல் முடிவு வெளிவந்தது. உதவி பெற்றவர்கள் பல விஷயங்களில் உதவி பெறாதவர்களைவிட மோசமாக இருந்தார்கள். திரும்பத் திரும்பக் குற்றம் செய்தவர்கள் அவர்களில் அதிகம், குடிநோயின் அறிகுறி அதிகம். இறந்தவர்களை எடுத்துக்கொண்டால், இளம் வயதிலேயே இறந்தவர்களும் அவர்கள்தான்.

நல்ல மனதோடு, பணம் செலவழித்து, ஐந்து வருடம் கூடவே நின்று செய்த உதவி நேயர்களே. மெக்கார்டு பின்னால் இன்னும் நுணுக்கிப் பார்த்தபோது, பாதிப்பு பெரும்பாலும் கோடை முகாமுக்கு ஒரு தடவைக்கு மேல் போன பையன்களிடம் இருந்தது தெரிந்தது. அந்த நாணயத்தைச் சுண்டாமல் விட்டிருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது. உதவி பெற்றவர்கள் நன்றி சொல்லியிருப்பார்கள், நாடெங்கும் முகாம் நடந்திருக்கும். இந்த நாணயத்தை மறந்துவிடாதீர்கள், திரும்பவும் வரும்.

முகாம் ஏன் கெடுத்தது? இதற்கு ஒரு விடை 1990களில் ஆரிகன் மாநிலத்தில் கிடைத்தது. தாமஸ் டிஷன் என்பவரும் அவர் குழுவினரும் நண்பர்கள் இருவர் இருவராக உட்கார்ந்து பேசுவதை வீடியோவில் எடுத்துப் பார்த்தார்கள். ஒருவன் ஏதோ விதி மீறிய கதையைச் சொல்கிறான், மற்றவன் சிரிக்கிறான். அந்தச் சிரிப்புதான் பரிசு. சிரிப்புக் கிடைக்கிற பேச்சு வளர்கிறது, பேச்சு பிறகு செயலாகிறது. அதே குழு இன்னொரு சோதனையில், பிரச்சினை உள்ள பிள்ளைகளை மட்டும் வாரவாரம் கூட்டிவைத்து நல்லதைச் சொல்லிக்கொடுத்தது. அந்தப் பிள்ளைகளிடம் புகைபிடிப்பது கூடிவிட்டது. பெற்றோருக்கு மட்டும் பயிற்சி கொடுத்த குழுவில் அப்படி நேரவில்லை. எங்கே கற்றுக்கொடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு வீட்டில் என்ற விடை இப்படித்தான் வலுப்பெற்றது.

வீட்டில் என்னதான் நடக்கிறது? அதே ஆரிகனில் ஜெரால்ட் பேட்டர்சன் என்பவர் வீடுகளுக்குள் ஆள் அனுப்பிக் கவனிக்க வைத்தார். வீட்டார் எல்லோரும் இருக்க வேண்டும், இரண்டு அறைக்குள் இருக்க வேண்டும், டிவி ஓடக்கூடாது. ஓர் ஓரமாக உட்கார்ந்தவர் சில வினாடிக்கு ஒருமுறை யார் யாரிடம் என்ன செய்தார்கள் என்று குறியீட்டில் எழுதிக்கொண்டே போவார். அதில் கண்டதை நம் வீட்டுப் பாணியில் சொல்கிறேன்.

ராத்திரி பத்து மணி. "போனை வைடா" என்கிறார் அம்மா. "அஞ்சு நிமிஷம்மா" என்கிறான் பையன். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி சொல்கிறார், குரல் ஏறுகிறது. அவன் கத்துகிறான், கதவை அறைகிறான். அம்மாவுக்குக் களைப்பு. "எப்படியோ போ" என்று நகர்ந்துவிடுகிறார். உடனே வீடு அமைதியாகிறது. இங்கே இரண்டு பேரும் ஒரு பாடம் படித்துவிட்டார்கள். கத்தினால் அம்மா விட்டுவிடுவார் என்று பையன் படித்தான். விட்டுவிட்டால் சத்தம் நிற்கும் என்று அம்மா படித்தார். மறுநாள் இன்னும் கொஞ்சம் உயரத்தில் இதே நாடகம். பேட்டர்சன் சொன்னது இதுதான்: இருவரில் யாரும் கெட்டவர் இல்லை, பழகிப்போன சுழல் அது. பழகியதை அறிவுரையால் மாற்ற முடியாது. வேறொன்றைப் பழக வேண்டும், அதுவும் சேர்ந்து பழக வேண்டும்.

சேர்ந்து என்ற அந்தச் சொல்லோடு அயோவாவுக்கு வருவோம். சோளமும் சோயாவும் விளைகிற மாநிலம். அயோவா அரசுப் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்போத், வர்ஜீனியா மோல்கார்டு ஆகியோர், 1980களில் யூட்டாவில் கேரல் கம்ஃபர் உருவாக்கிய 14 அமர்வுத் திட்டத்தை எடுத்து, 10 முதல் 14 வயதுப் பிள்ளைகள் உள்ள சாதாரணக் குடும்பங்களுக்கு ஏற்ப ஏழு மாலைகளாகச் சுருக்கினார்கள். பிற்பாடு நினைவூட்டலாக நான்கு அமர்வு சேர்ந்தது. சாதாரணக் குடும்பங்கள் என்பதைக் கவனியுங்கள். பிரச்சினை உள்ளவர்களைப் பொறுக்கியெடுத்துக் கூட்டவில்லை.

ஒரு மாலை என்பது இரண்டு மணி நேரம். எட்டு முதல் பன்னிரண்டு குடும்பங்கள், நடத்துபவர்கள் மூன்று பேர். முதல் ஒரு மணி நேரம் பெற்றோர் ஓர் அறையில் ஒருவரோடு, பிள்ளைகள் இன்னொரு அறையில் இரண்டு பேரோடு. பெற்றோர் அறையில் வீடியோ ஓடும், சற்று முன் சொன்ன போன் சண்டை மாதிரிக் காட்சிகள். ஒரே சம்பவத்தை முதலில் தவறாகவும் பிறகு வேறு விதமாகவும் பார்த்துவிட்டுப் பேசுவார்கள். பிள்ளைகளுக்கு விளையாட்டு வழியாக அதே விஷயம். இரண்டாவது மணி நேரத்தில் எல்லோரும் ஒரே அறைக்கு வருவார்கள், ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாக உட்காரும். முதல் வாரம் பிள்ளை தன் ஆசைகளை ஒரு புதையல் வரைபடமாகச் செய்து அப்பா அம்மாவிடம் காட்டுவான். சிகரெட் என்கிற வில்லனைப் பற்றி முதல் வாரம் ஒரு வார்த்தை கிடையாது. இரண்டாவது மணி நேரந்தான் இந்தத் திட்டத்தின் உயிர் என்பது என் எண்ணம். தனியாகக் கேட்ட பாடத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் செய்து பார் என்று விட்டால், அங்கே பழைய சுழல் காத்துக்கொண்டிருக்கும்.

விதி போடுவதையே பாருங்கள். "ஒழுங்கா இரு" என்பது விதி இல்லை. "ஒன்பதரைக்குப் போன் கூடத்து மேஜையில் இருக்க வேண்டும்" என்பது விதி. எண்ணிக்கை குறைவாக, செய்தானா இல்லையா என்று இரண்டு பேருக்கும் சந்தேகமில்லாமல் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். மீறினால் என்ன என்பதையும் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும், அதுவும் சின்னதாக இருக்க வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். கோபத்தில் "ஒரு மாசம் வெளியே போகக் கூடாது" என்று சொல்லிவிடுவோம். மூன்றாவது நாள் ஏதாவது ஒரு வேலைக்கு நாமே அனுப்புவோம். அன்றோடு நம் வார்த்தைக்கு எடை போயிற்று. நாளைக்கு ஒருநாள் போன் கிடையாது என்றால் அதை நிறைவேற்ற முடியும். நிறைவேற்ற முடிகிற சின்னது, முடியாத பெரியதைவிட மேல். சொல்லும்போது குரல் ஏறக் கூடாது, பழைய கணக்கை இழுக்கக் கூடாது.

இனி அந்த நாணயம். 1993இல் அயோவாவின் 33 கிராமப்புறப் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு இந்த ஏழு மாலைத் திட்டம். இன்னொரு பகுதிக்கு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹாக்கின்ஸ், கேட்டலானோ இருவரும் வகுத்த ஐந்து அமர்வுத் திட்டம், அதில் பிள்ளை ஒரே ஓர் அமர்வுக்குத்தான் வருவான். மூன்றாவது பகுதிக்குத் தகவல் தாள் மட்டும். மொத்தம் 667 குடும்பங்கள், பிள்ளைகள் அப்போது ஆறாம் வகுப்பு.

ஆறாம் வகுப்புப் பிள்ளையைச் சோதித்து என்ன தெரியும்? அந்த வயதில் பெரும்பாலானவர்கள் எதையும் தொட்டிருக்க மாட்டார்கள். வராமல் போன ஒன்றைத்தான் அளக்க வேண்டும், அதற்கு வரக்கூடிய வயது வரைக்கும் காத்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பிறகு 21 வயது. நடுவில் குடும்பம் வீடு மாறும், ஊர் மாறும், பிள்ளை கல்லூரிக்குப் போவான். ஒவ்வொரு முகவரியையும் விடாமல் தொடர வேண்டும். சிக்கலான பிள்ளைகள்தான் முதலில் கையைவிட்டுப் போவார்கள். திட்டத்தில் இருந்த பக்கம் மட்டும் அப்படிப் போனால், திட்டம் பலித்த மாதிரி ஒரு பொய்த் தோற்றம் வரும். எந்தப் பக்கம் எத்தனை பேர் விட்டுப் போனார்கள் என்ற கணக்கை முதலில் பார்ப்பது அதற்காகத்தான். பேராசிரியரின் பணிக்காலத்தில் ஒரு பெரும் பகுதி இந்தக் காத்திருப்பிலேயே கரைந்துவிடும். பலன் என்ன? ஏழு மாலைகளுக்கு வந்த பக்கத்தில் மதுவைத் தொடங்குவது தள்ளிப்போனது. நான்கு வருடத்தில் அந்த இடைவெளி சுருங்கவில்லை, அகன்றது. ஒரு டாலர் செலவுக்கு 9.60 டாலர் மிச்சம் என்று 2002இல் கணக்கிட்டார்கள்.

சரி, எங்கே சறுக்குகிறது? ஆள் வருவதில். அறுவடைக் காலத்து மாலைக்கு யாரும் வர மாட்டார்கள். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்காவிட்டால் தாய் வர முடியாது. வேலை முடிந்து நேராக வருகிறவருக்குச் சாப்பாடு வேண்டும். பின்னாளில் அயோவா, பென்சில்வேனியா இரண்டிலும் 28 சிற்றூர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, அவற்றில் 14இல், புராஸ்பர் என்ற பெயரில், உள்ளூர்க்காரர்களையே நடத்த வைத்தார்கள். 1914 முதல் விவசாயிகளிடம் பல்கலைக்கழக அறிவைக் கொண்டுசேர்க்கும் விரிவாக்கப் பணியாளர்களே தலைமை. அத்தனை முயற்சியிலும் அழைக்கப்பட்டவர்களில் ஒரு மாலையாவது வந்த குடும்பங்கள் 17 சதவீதம்தான். மறுவருடம் பள்ளியிலும் ஒரு பாடத்திட்டம் இருந்தது. பலனையும் வந்தவர்களிடம் மட்டும் பார்க்காமல், அந்த வகுப்புப் பிள்ளைகள் எல்லோரிடமும் அளந்தார்கள். வந்தவர்களை மட்டும் எண்ணினால் நாணயத்துக்கு அர்த்தமில்லாமல் போய்விடும். இன்னொரு சறுக்கல், நடத்துபவர் பிரசங்கம் செய்யத் தொடங்கிவிடுவது. அதற்காகவே ஒருவர் பட்டியலோடு பின்னால் உட்கார்ந்து, சொன்னது சொன்னபடி நடக்கிறதா என்று குறிப்பார்.

நேரம் நெருங்கிவிட்டதாகச் சைகை காட்டுகிறார்கள். ஐரோப்பாவைப் பற்றி விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதே ஏழு மாலைத் திட்டத்தைச் சுவீடன், போலந்து, வேல்ஸ் நாடுகளுக்குக் கொண்டுபோய் அதே கவனத்தோடு சோதித்தார்கள். பலன் தெரியவில்லை. மறைக்காமல் அப்படியே வெளியிட்டார்கள். ஓர் ஊரில் பலித்ததை மூட்டை கட்டி இன்னோர் ஊரில் இறக்கினால் போதாது.

வேறு வழியில் போனவர்கள் தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப்பில் இருக்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டின் லூசி குளூவரும் உள்ளூர்க் கூட்டாளிகளும் 14 வார 'சினோவுயோ' திட்டத்தை அந்த மண்ணுக்கென்றே செய்து, 40 ஊர்களில், 552 குடும்பங்களோடு சோதித்தார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பாட்டியாக இருந்தால் பாட்டி வந்தார். வீட்டில் காசைச் சேர்த்துவைப்பதற்கும் பாடம் இருந்தது, ஏனென்றால் அங்கே பாதிச் சண்டை காசால் வருகிறது. 2018இல் வந்த முடிவில் பிள்ளைகளை அடிப்பது குறைந்திருந்தது, போதைப் பழக்கமும் குறைந்திருந்தது. அங்கேயும் எல்லா வாரமும் எல்லோராலும் வர முடியவில்லை. வராதவர் வீட்டுக்கு நடத்துபவரே நடந்து போய், அந்த வாரப் பாடத்தை அவர்களோடு உட்கார்ந்து சொல்லிவிட்டு வந்தார்.

வணக்கம்.