நானூறு யூரோ பொத்தான்

வணக்கம் நேயர்களே.

2022 மார்ச்சில் ஜெர்மனியில் வசிக்கும் ஒருவர் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் நடத்திய இணையதளம் வழியாக ஒரு நிகழ்ச்சிக்குப் பெயர் பதிந்தார். உள்நுழையும் பக்கத்தில் ‘ஃபேஸ்புக் வழியாக நுழைக’ என்றொரு பொத்தான். அழுத்தினார், அவருடைய ஐபி முகவரி, அதாவது இணையத்தில் அவரது இணைப்பை அடையாளம் காட்டும் எண், ஃபேஸ்புக்கை நடத்தும் அமெரிக்காவின் மெட்டா நிறுவனத்துக்குப் போய்விட்டது. அந்தச் சமயத்தில் அமெரிக்காவுக்குத் தரவு அனுப்பப் பொது அனுமதி நடப்பில் இல்லை. ஒப்பந்த வழியிலான பாதுகாப்பையும் ஆணையம் செய்திருக்கவில்லை. ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் 2025 ஜனவரி 8 அன்று அவருக்கு 400 யூரோ இழப்பீடு தரச் சொன்னது. யாரும் பூட்டை உடைக்கவில்லை. வசதிக்காக வைத்த பொத்தான்தான் வினையானது.

ஆணையம் போன்ற ஒன்றிய அமைப்புகளுக்கு, ஐரோப்பாவின் பொதுவான தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் பொருந்தாது. 2018/1725 என்ற தனிச்சட்டம் இருக்கிறது. ஒவ்வோர் அமைப்பிலும் தரவுப் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் கட்டாயம். பதவிக்காலம் 3 முதல் 5 ஆண்டு. இடையில் அவரை நீக்க வேண்டுமானால் இந்த அமைப்புகளைக் கண்காணிக்கும் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் சம்மதிக்க வேண்டும். ஆபத்து விளைவிக்கக்கூடிய தரவுக்கசிவு நேர்ந்தால் 72 மணி நேரத்துக்குள் மேற்பார்வையாளருக்குத் தகவல் போக வேண்டும்.

மேற்பார்வையாளரின் உத்தரவை ஓர் அமைப்பு மீறினால் அபராதமும் உண்டு. கடுமையான மீறலுக்கு ஒவ்வொன்றுக்கும் 50,000 யூரோ வரை. ஆனால் அந்தப் பணம் ஒன்றியத்தின் பட்ஜெட்டுக்கே திரும்பிவிடும். இடது பையிலிருந்து வலது பைக்கு மாற்றுவதுதான்! உண்மையான பல், ‘நிறுத்து’ என்ற உத்தரவில் இருக்கிறது. ஆணையம் பயன்படுத்திய மைக்ரோசாஃப்ட் 365 என்ற அலுவலக மென்பொருள் விஷயத்தில், எந்தத் தரவு எதற்காகத் திரட்டப்படுகிறது என்று உரிம ஒப்பந்தம் தெளிவாகச் சொல்லவில்லை. 2024 மார்ச்சில் மேற்பார்வையாளர் கெடு வைத்தார்: டிசம்பர் 9-க்குள் சரிசெய்யுங்கள், உரிய பாதுகாப்பில்லாத நாடுகளுக்குத் தரவு போவதை நிறுத்துங்கள் என்று. ஒப்பந்தத்தைத் திருத்திய பிறகு, 2025 ஜூலையில்தான் கோப்பு மூடப்பட்டது.

சட்டம் குடியுரிமை பார்ப்பதில்லை. ஓர் ஒன்றிய அமைப்பு நடத்தும் பிரசெல்ஸ் மாநாட்டுக்குப் பெயர் பதிந்த இந்தியரும் தன் தரவைக் கேட்கலாம். முதலில் அந்த அமைப்பின் தரவுப் பாதுகாப்பு அலுவலருக்கு எழுதுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வர வேண்டும். சிக்கலானதென்றால் மேலும் இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளலாம். திருப்தியில்லையென்றால் மேற்பார்வையாளரிடம் புகார். அங்கே 3 மாதம் மௌனம் என்றால் புகார் நிராகரிக்கப்பட்டதாகவே சட்டம் கொள்ளும். பொது நீதிமன்றத்துக்குப் போகலாம். ‘என்னைப் பற்றிய எல்லாம் அனுப்புங்கள்’ என்று மொட்டையாக எழுதினால் விளக்கம் கேட்டே நாள் போகும். எந்த நிகழ்ச்சி, எந்தத் தேதி, எந்த மின்னஞ்சலில் பதிந்தீர்கள் என்று குறிப்பிடுங்கள். அனுப்பிய தேதிக்கு ஆதாரமும் கையில் இருக்கட்டும்.