வரியைக் குறைப்பதானால் எங்கிருந்து தொடங்குவது?

நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் பலத்த கைதட்டலோடு அமர்ந்திருக்கிறார். 'வருமான வரி கட்டும் சிலரின் பணத்தில் எல்லோருக்கும் அரிசி எதற்கு? ஏழைக்கு மட்டும் கொடுத்துவிட்டு வரியைக் குறையுங்கள்' என்பது அவர் வாதம். ஆனால், வரி கட்டுகிறவர் யார்? சித்தாள் வேலைக்குப் போகும் ஓர் அம்மா வாங்குகிற சோப்பிலும் பிஸ்கட்டிலும் 2017 ஜூலை முதல் ஜிஎஸ்டி இருக்கிறது. அவர் கணக்குத் தாக்கல் செய்வதில்லை என்பதால் மட்டுமே நம் கண்ணுக்கு வரி கட்டாதவராகத் தெரிகிறார்.

'ஏழைக்கு மட்டும்' என்பதற்கு வருகிறேன். 1997இல் மத்திய அரசு பொது விநியோகத்தை வறுமைக் கோட்டுக்குக் கீழ், மேல் என்று பிரித்தபோது, தமிழ்நாடு அந்தக் கோட்டை ரேஷன் கடை வாசலில் கிழிக்க மறுத்தது. அரிசி வேண்டாதவர்கள் தாங்களே சர்க்கரை அட்டைக்கு எழுதிக் கொடுத்தார்கள். கோடு கிழித்திருந்தால், தான் ஏழை என்று காட்டும் சான்றிதழுக்காக அந்த அம்மா தாலுகா அலுவலகத்தில் எத்தனை நாள் கூலியை இழந்திருப்பார்? சிமெண்டில் ரேகை தேய்ந்துபோன விரலை முந்தானையில் துடைத்துத் துடைத்துக் கைரேகைக் கருவியில் வைக்கும் பெண்களை நான் வரிசையில் நின்று பார்த்திருக்கிறேன். அட்டை வைத்திருப்பவருக்கே இந்தப் பாடு.

அப்படியென்றால் அரசு செய்ய வேண்டியதற்கு எல்லையே இல்லையா என்றால், உண்டு. தனி ஒருவரால் விலை பேசவும் தரம் பார்க்கவும் முடியாத இடத்தில்தான் அரசுக்கு வேலை. காய்ச்சலோடு வருகிறவர் மாத்திரையை முகர்ந்து பார்த்தா தரம் அறிவார்? 1994இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகள் அனைத்துக்கும் சேர்த்து ஒப்பந்தப்புள்ளி கோரி மொத்தமாக வாங்குவதால் விலை இறங்குகிறது. மாதிரிகள் ஆய்வகத்தில் தேறிய பிறகே மருந்து நோயாளியின் கைக்கு வருகிறது. இதே அளவுகோலை வைத்தால் 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சியை நான் ஆதரிக்க முடியாது. என் அணியினர் முறைத்தாலும் சரி. 2003 முதல் சில்லறை மது விற்பனையை அரசே நடத்துவதும் எல்லை மீறல்தான். எதிரணியினர் இதை ஏன் தொடாமல் விட்டார்களோ!

ஆகவே நடுவர் அவர்களே, வரியைக் குறைக்க வேண்டுமென்றால் அந்த அம்மாவின் சோப்பில் தொடங்கட்டும். அவர் அரிசியில் கை வைக்க வேண்டாம்.