பேரம் பேசாமல் வாங்க வருகிறவர்

நேயர்களுக்கு வணக்கம். நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கவுன்டரில் உட்கார்ந்திருந்த கடைசிச் சில வருடங்களில் ஒரே மாதிரியான புகாரோடு பலர் வந்து நிற்பார்கள். "சார், நான் எதையும் வாங்கவில்லையே, விற்கத்தானே விளம்பரம் போட்டேன். என் பணம் எப்படிப் போச்சு?" என்பார்கள். ஆன்லைனில் வாங்குகிறவர் ஏமாறும் கதை ஊருக்கே தெரியும். விற்கிறவர் ஏமாறும் கதையைத்தான் இன்றைக்குப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

வீட்டில் ஒரு நல்ல கேமரா சும்மா கிடக்கிறது. 45,000 ரூபாய் என்று போட்டு, ஓஎல்எக்ஸிலோ ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலோ படத்தை ஏற்றுகிறீர்கள். நிஜமாக வாங்கப் போகிறவர் என்ன கேட்பார்? "கடைசி விலை சொல்லுங்க" என்பதுதான் முதல் வார்த்தை. பில் இருக்கா, லென்ஸில் பூஞ்சை இருக்கா, எத்தனை படம் எடுத்திருக்கு என்று துருவுவார். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்பார், வரமாட்டார். அடுத்த வாரம் மச்சானோடு வந்து இன்னும் 3,000 குறைக்கச் சொல்வார். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் தன் பணத்தைப் போட்டு வாங்குகிறவர் அப்படித்தான் இருப்பார்.

மோசடிக்காரருக்குப் பொருளே வேண்டாம். அதனால் விலையைப் பற்றிக் கவலையில்லை. விளம்பரம் போட்ட சற்று நேரத்திலேயே கூப்பிட்டு, "விலை ஓகே சார், விளம்பரத்தை எடுத்துடுங்க, இப்பவே பணம் அனுப்பறேன்" என்பார். நேரில் பார்க்க வரமாட்டார். ஏன் என்று கேட்டால் பதில் தயார்: ராணுவத்தில் இருக்கிறேன், இடமாற்றம் வந்திருக்கிறது, எங்கள் வண்டி வந்து எடுத்துக்கொள்ளும். சீருடைப் படம், கேன்டீன் அட்டை, ஆதார் எல்லாம் கேட்காமலே வாட்ஸ்அப்பில் வந்து விழும். ராணுவம் என்றால் நாம் மறுபேச்சுப் பேசமாட்டோம், நேரில் வராததற்கும் காரணம் கிடைத்துவிடுகிறது. அந்த அட்டையில் இருப்பவர் பெரும்பாலும் நிஜ மனிதர்தான், பாவம், அவருடைய அட்டையையும் யாரோ திருடியிருப்பார்கள். ஒரு பழைய கேமராவை ஏற்றிப்போக ராணுவம் வண்டி அனுப்புமா என்று மட்டும் யாரும் யோசிப்பதில்லை.

அடுத்து நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். "எங்கள் கணக்கு வேற மாதிரி சார், முதலில் நீங்க 5 ரூபாய் அனுப்புங்க, 10 ரூபாயாகத் திரும்பி வரும்" என்பார். அனுப்பினால் 10 ரூபாய் நிஜமாகவே வரும். அந்த 10 ரூபாய்தான் தூண்டில். பிறகு ஒரு க்யூஆர் படம் வரும். அதை ஸ்கேன் செய்தால் திரையின் மேலே யாரோ ஒருவர் பெயர், நடுவில் ஏற்கெனவே நிரப்பி வைத்த 45,000, கீழே "பே" என்ற பொத்தான். அதை அழுத்தினால் பின் நம்பர் கேட்கும். பணம் வெளியே போகப்போகிறது என்பதைத் திரை ஒளிக்காமல்தான் சொல்கிறது. ஆனால் காதில் அந்த ஆள் விடாமல் பேசிக்கொண்டே இருப்பார். "பின் போடுங்க சார், போட்டால்தான் கிரெடிட் ஆகும், டைம் முடியப்போகுது." பணம் போனதும் "சர்வர் கோளாறு, இன்னொரு தடவை போடுங்க, ரெண்டும் சேர்ந்து திரும்பி வரும்" என்பார். பதற்றத்தில் மறுபடியும் போட்டவர்கள் உண்டு. படிக்காதவர்கள் மட்டும்தான் இதில் மாட்டுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். எஞ்சினியர், ஆசிரியர், ஆடிட்டர் எல்லாரும் அந்த வரிசையில் நின்றிருக்கிறார்கள்.

யூபிஐ 2016-இல் வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை, பணம் பெற யூபிஐ பின் நம்பர் தேவைப்பட்டதே இல்லை. ஸ்கேன் செய்யவும் வேண்டாம். முன்பெல்லாம் முன்பின் தெரியாத ஒருவர் நம் போனுக்கே பணம் கேட்டு ஒரு கோரிக்கையை அனுப்ப முடிந்தது. தனிநபருக்குத் தனிநபர் அப்படிக் கேட்கும் வசதியை 2025 அக்டோபரில் நிறுத்திவிட்டார்கள். க்யூஆர் இன்னும் இருக்கிறது.

போலி எஸ்எம்எஸ் இன்னொரு வழி. 5,000 அட்வான்ஸுக்குப் பதிலாக 50,000 வந்ததாகக் காட்டும், "ஒரு பூஜ்யம் கூடிப்போச்சு, மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்க" என்று அழாத குறையாகக் கெஞ்சுவார். வங்கியின் செய்தி பத்து இலக்க செல்போன் எண்ணிலிருந்து வராது. எப்படியிருந்தாலும் செய்தியை நம்ப வேண்டாம், கணக்கைத் திறந்து இருப்பைப் பாருங்கள். நேரில் வந்து, பணம் அனுப்பியதாகத் தன் போனில் போலிப் பச்சை டிக்கைக் காட்டிவிட்டு, நாம் விற்க வைத்த பைக்கோடு போகிறவரும் உண்டு. இன்னொன்று: யூபிஐயில் ஒருவர் இன்னொருவருக்கு ஒரு நாளில் அனுப்பக்கூடியது பொதுவாக 1 லட்சம். 1,80,000 ஒரே தடவையில் போட்டேன் என்று ஸ்கிரீன்ஷாட் வந்தால், அதிலேயே கதை தெரிந்துவிடும். செக் என்றால் பணம் கைக்கு வரும்வரை பொருள் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். டெபாசிட் செய்த சீட்டின் படம் பணம் ஆகாது.

இனி சொல்லப்போவது பலருக்குத் தெரியாதது. எனக்கு இதுதான் மற்றவற்றைவிட மோசமாகப் படுகிறது. வாங்க வருகிறவர் நேரில் வருகிறார், பொருளைப் பார்க்கிறார், பணமும் உங்கள் கணக்கில் நிஜமாகவே ஏறிவிடுகிறது. மகிழ்ச்சியாகக் கொடுத்தனுப்புகிறீர்கள். சில நாள் கழித்து உங்கள் கணக்கு முடங்குகிறது. வங்கியில் கேட்டால் வேறு மாநிலக் காவல்துறையிடமிருந்து உத்தரவு என்கிறார்கள். நடந்தது என்னவென்றால், அந்த ஆள் தன் பணத்தைக் கொடுக்கவில்லை. எங்கேயோ ஒரு அப்பாவியை ஏமாற்றி, அவரை உங்கள் கணக்குக்கே பணம் அனுப்ப வைத்திருக்கிறார். அந்த அப்பாவி புகார் கொடுத்தபோது காகிதத்தில் நிற்பது உங்கள் பெயர். கேமரா போயிற்று, அதை விற்ற பணத்தையும் தொட முடியாது.

அதனால் பணம் வந்தால் மட்டும் போதாது, யார் பெயரிலிருந்து வந்தது என்று பாருங்கள். "தம்பி கணக்கிலிருந்து போட்டேன், முதலாளி போட்டார்" என்றால் பொருளைக் கொடுக்காதீர்கள். பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி அவர் கொடுக்கும் இன்னொரு எண்ணுக்கும் அனுப்பாதீர்கள், வங்கியிடம் சொல்லுங்கள். ஒரு வெள்ளைத்தாளில் இன்ன பொருள், இன்ன விலை, இன்னாருக்கு விற்றேன் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு, அவருடைய அடையாள அட்டை நகலையும் பழைய பில்லையும் உங்களுக்குள் நடந்த செய்திகளையும் வைத்துக்கொள்ளுங்கள். கணக்கை விடுவிக்க நாளைக்கு அதைத்தான் காட்ட வேண்டியிருக்கும். நகை மாதிரி பெரிய தொகை என்றால் வங்கிக் கிளையிலேயே சந்திக்கலாம், ரொக்கமாகத் தந்தால் அங்கேயே எண்ணிக் கட்டிவிடலாம். அந்த இடத்தைச் சொன்னதுமே சிலர் போனை எடுக்கமாட்டார்கள்.

சரி, பணம் போய்விட்டது. சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-ஐ உடனே கூப்பிடுங்கள். உறவுக்காரரிடம் கேட்கலாமா, பையன் அமெரிக்காவில் எழுந்ததும் சொல்லலாமா என்று காத்திருக்கும் நேரத்தில் அந்தப் பணம் நாலைந்து கணக்கு தாண்டி ஏடிஎம்மில் எடுக்கப்பட்டிருக்கும். பரிவர்த்தனை எண், நேரம், தொகை கையில் இருக்கட்டும். நீங்களே பின் நம்பர் போட்டிருந்தால், 2017-இல் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, நீங்கள் வங்கிக்குச் சொல்லும்வரை நடந்த நஷ்டம் உங்களுடையது, சொன்ன பிறகு நடப்பதுதான் வங்கியினுடையது. அதற்காகவாவது சீக்கிரம் சொல்லுங்கள்.

கூகுளில் வாடிக்கையாளர் சேவை எண் என்று தேடி, முதலில் கண்ணில் படுவதைக் கூப்பிடாதீர்கள். அதிலும் போலிகள் உண்டு. புகார் கொடுத்த சில நாளில் இன்னொரு போன் வரலாம். "உங்கள் பணத்தை மீட்டுவிட்டோம், கட்டணமாக 2,000 மட்டும் அனுப்புங்கள்" என்று மரியாதையாகவே பேசுவார்கள். காவல்துறையோ வங்கியோ அப்படிக் கட்டணம் கேட்பதில்லை. பேசவே வேண்டாம், அந்த எண்ணையும் புகாரில் சேர்த்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.