சனிக்கிழமைச் சோறு

(நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் வடசென்னையில் இரவுக் கணக்கெடுப்புக்குக் கிளம்பும் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பேராசிரியப் பெருமக்களே, மாணவ நண்பர்களே, வணக்கம்.

பின்னால் கட்டியிருக்கிற பேனரில் ‘வீடற்றோர் நலன்’ என்று போட்டிருக்கிறீர்கள். நான் பஞ்சாங்கத்தைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன். காரணம் இருக்கிறது. இந்த ஊரில் பிளாட்பாரத்தில் படுத்திருக்கிற ஒரு பாட்டிக்கு இன்றைக்குச் சோறு கிடைக்குமா என்பதைப் பல நேரம் மாநகராட்சியோ அரசாங்கமோ முடிவு செய்வதில்லை. கிழமையும் திதியும்தான் முடிவு செய்கின்றன.

அமாவாசை அன்று காலையில் ஏதாவது ஒரு பெரிய கோயில் வாசலுக்குப் போய்ப் பாருங்கள். காரில் வருகிறவர்கள், ஆட்டோவில் வருகிறவர்கள், எல்லார் கையிலும் பை. புளிசாதம், தயிர்சாதம், பிஸ்கட் பாக்கெட். பத்து மணிக்குள் ஒவ்வொருவர் மடியிலும் ஏழெட்டுப் பொட்டலம் சேர்ந்துவிடும். ஒரு வயிறு எவ்வளவு சாப்பிடும்? மத்தியானத்துக்குள் தயிர்சாதம் புளித்துப்போகும். மிச்சம் மாட்டுக்கும் நாய்க்கும். மறுநாள் பிரதமை. பிரதமையில் நல்ல காரியம் செய்யக்கூடாது என்று நம் ஆட்கள் வீட்டோடு இருந்துவிடுவார்கள். முதல் நாள் ஏழு பொட்டலம் வாங்கிய அதே பாட்டி அன்று டீக்கடை வாசலில் நிற்பார்.

சனிக்கிழமை என்றால் எள் சாதம். சனிப்பெயர்ச்சி வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். வார இதழ்களில் ராசிபலன் படித்திருப்பீர்கள். கடைசி வரி பரிகாரம். ‘கால் ஊனமுற்றவர்களுக்கு உதவுங்கள்’ என்று இருக்கும். சனி பகவானுக்கே கால் ஊனம் என்பது புராணம், அதனால் அந்தப் பரிகாரம். அந்த இரண்டு வாரம் காலிபர் போட்டவர்களுக்கு மரியாதை கூடும். திருநள்ளாற்றில் நளதீர்த்தத்தில் முழுகிவிட்டு, கட்டியிருந்த துணியை அங்கேயே விட்டுவிட்டு வருகிறோம். நம் தோஷம் அதோடு போயிற்று என்று நம்பிக்கை. வாசலில் கையேந்துகிறவருக்கு எள் சாதம் கொடுக்கும்போதும் அதே கணக்குதான் ஓடுகிறது.

வாங்குகிறவர்களுக்கு இது தெரியாது என்று நினைக்காதீர்கள். எது பசிக்குக் கொடுத்த சோறு, எது தோஷம் கழிக்கக் கொடுத்த சோறு என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். எள் சாதப் பொட்டலத்தை மறுக்காமல் வாங்கி, தொடாமல் ஓரமாக வைத்துவிடுகிற பாட்டிகளைப் பார்த்திருக்கிறேன். அடுத்தவன் சனியைத் தின்ன வேண்டாம் என்று அவர்களுக்கும் ஒரு நம்பிக்கை. தலையைச் சுற்றிப் போட்ட காசை எடுக்காத ஆட்களும் உண்டு. எடுப்பவர்களும் உண்டு, வேறு வழி?

நான் கோயிலுக்குப் போகிறவன். கடவுள் மறுப்புக் கூட்டம் போட வரவில்லை. சனிக்குப் பயந்து போட்ட சோறும் சோறுதான், அது வயிற்றுக்குள் போனால் பசி அடங்கும். என் சண்டை வேறு. அப்படிக் கொடுக்கும்போது எதிரே உட்கார்ந்திருக்கிற ஆள் ஓர் உண்டியல். உண்டியலிடம் யாரும் பெயர் கேட்பதில்லை. பல் இருக்கிறதா, இந்தச் சாதத்தை மெல்ல முடியுமா என்றும் கேட்பதில்லை. போட்டோம், கன்னத்தில் போட்டுக்கொண்டோம், வந்தோம். நாம் கொடுத்தது நம் பயத்துக்கு.

கொடுக்கச் சொல்லும் நம்பிக்கைகள் இப்படி என்றால், கொடுக்காதே என்கிற நம்பிக்கைகள் இன்னும் அதிகம். வெள்ளி, செவ்வாய் காசு வெளியே போகக்கூடாது. விளக்கு வைத்த பிறகு உப்பு, தயிர், பால், பணம் எதையும் கொடுக்கக்கூடாது, கொடுத்தால் லட்சுமி போய்விடுவாள். உங்கள் வீட்டுப் பாட்டி சொல்லியிருப்பார். அதே பாட்டி மத்தியானம் வந்த ஆளுக்கு இலை போட்டுச் சோறு வைத்திருப்பார், ஈரமில்லாத மனுஷி கிடையாது. ஆனால் தெருவில் இருக்கிறவருக்கு உதவி அதிகம் தேவைப்படுவது விளக்கு வைத்த பிறகுதான். காய்ச்சல் ஏறுவது ராத்திரியில். மழை கொட்டும்போது ஒதுங்க இடம் கேட்பதும் ராத்திரியில்.

இதெல்லாம் சில்லறை. பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, நம்மில் பலர் அதை வீடற்றோர் பிரச்சினையோடு சேர்த்து யோசிப்பதே இல்லை. அடைப்பு என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இங்கே கிராமத்திலிருந்து வந்தவர்கள் தலையை ஆட்டுகிறார்கள். தனிஷ்டா பஞ்சமி என்பார்கள். அவிட்டம் தொடங்கி ரேவதி வரை ஐந்து நட்சத்திரம். அந்த நட்சத்திரத்தில் யாராவது இறந்தால் அது அடைப்பு. உயிர் போன அறையை, சில வீடுகளில் வீட்டையே, மாதக்கணக்கில் பூட்டி வைக்க வேண்டும். ஆறு மாதம் வரை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பூட்டாவிட்டால் அடுத்த சாவு விழும் என்று பயம்.

சொந்த வீடு என்றால் ஓர் அறையைப் பூட்டிவிட்டுச் சமாளிக்கலாம். ஒண்டுக்குடித்தனத்தில்? வீட்டுக்காரர் யோசிப்பார். வாடகைக்கு இருக்கிற கிழவருக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது. எந்த நட்சத்திரத்தில் போவாரோ! அடைப்பில் போய்விட்டால் ஆறு மாதம் வாடகை வராது, அப்புறமும் ஆள் வரமாட்டார்கள். இரண்டு நாள் தயங்குவார், மூன்றாம் நாள் ‘ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுங்களேன்’ என்பார். ஊரில் யார் இருக்கிறார்கள்? அரசு மருத்துவமனை வாசலில், ரயில் நிலையத்தில், கோயில் மண்டபத்தில் கொண்டுவந்து விடப்படுகிற முதியவர்களில் எத்தனை பேர் இப்படிக் கிளம்பியவர்கள் என்று எந்தப் படிவத்திலும் கேள்வி இல்லை. பிணத்தை வாடகை வீட்டுக்குள் கொண்டுவர விடாமல் வாசலிலேயே ஆம்புலன்ஸை நிறுத்திச் சடங்கு முடித்த கதை இந்த ஊரில் எல்லாருக்கும் ஒன்றாவது தெரிந்திருக்கும். செத்தவருக்கே அந்தக் கதி. சாகக் கிடப்பவருக்கு யார் வீடு கொடுப்பார்கள்?

கைம்பெண் எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்கிற பழக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கல்யாண வீட்டில் ஓரமாக உட்காரவைக்கப்பட்ட அத்தைகளை எல்லாரும் பார்த்திருக்கிறோம். வீட்டில் ஓரம் ஆனவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்கே ஓரம் ஆகிவிடுகிறார்கள்.

இப்போது மனநோய். ஒரே ஆளை எடுத்துக்கொள்ளுங்கள். ஜடைபிடித்த முடி, கிழிந்த கோணி, தனக்குள் பேச்சு. பாரிமுனையில் அவர் பைத்தியம். கடைக்காரர் தண்ணீரை ஊற்றி விரட்டுவார். பௌர்ணமி அன்று திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் அவரே நடந்தால் சித்தர். அவர் திட்டினால் யோகம், அடித்தால் கர்மவினை தீர்ந்தது, குடித்துவிட்டு எறிந்த டீ கப் பிரசாதம். சித்தர்களே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை, அந்த ஆராய்ச்சி எனக்கு வேண்டாம். ஆனால் விரட்டுகிறவரும் விழுந்து கும்பிடுகிறவரும் ஒன்றில் ஒத்துப்போகிறார்கள் பாருங்கள். இரண்டு பேருமே அவரை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போகமாட்டார்கள். காலில் புண் புழு வைத்திருக்கும். அதையும் சித்து விளையாட்டு என்பார்கள்.

இந்த மனப்பாங்கு எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரிந்துகொள்ள ஏர்வாடி போதும். 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவுக்கு வருகிற மனநோயாளிகளை நம்பி நடந்த தனியார் காப்பகம் ஒன்று, ஓலைக் கொட்டகை. தீப்பிடித்தது. ஓட முடியவில்லை, காலில் சங்கிலி. 28 பேர் இறந்தார்கள். பேய் என்றும் செய்வினை என்றும் கூட்டிக்கொண்டு வந்து விடப்பட்டவர்கள் அவர்களில் இருந்தார்கள். பக்தியால் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் இல்லை. ஊரில் மனநல மருத்துவர் கிடையாது, வைத்தியம் உண்டு என்பதே தெரியாது, தர்கா மட்டும் தெரியும். அதே ஏர்வாடியில் பிற்பாடு பிரார்த்தனையோடு மருந்தும் சேர்த்துக் கொடுக்க அரசு மருத்துவர்களை உட்காரவைத்தார்கள். நம்பிக்கையைத் திட்டிக்கொண்டிருப்பதைவிட இது எனக்குப் பிடிக்கிறது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலி போடுவதைத் தடை செய்துவிட்டது. தெருவில் திரிகிற மனநோயாளியைத் தன் பொறுப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்தில் சேர்ப்பது அந்தப் பகுதிக் காவல்துறையின் கடமை, லாக்கப்பில் வைக்கக்கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. தெருவில் ஆதரவின்றி இருப்பவர்களை மீட்கச் சென்னைக் காவல்துறை 2021-இல் ‘காவல் கரங்கள்’ என்று தொடங்கியதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மனநோயோடு தெருவுக்கு வந்த பெண்களுக்காக 1993-இலேயே ‘தி பான்யன்’ என்ற தொண்டு நிறுவனம் இந்த ஊரில் வேலையைத் தொடங்கிவிட்டது.

‘நாங்கள் படித்தவர்கள் சார், எள் சாதம் எல்லாம் நம்பமாட்டோம்’ என்று முன்வரிசையில் ஒரு சிரிப்பு தெரிகிறது. உங்கள் மூடநம்பிக்கைக்கு வருகிறேன், அது போனில் வருகிறது. 2018 மே மாதம் ஞாபகம் இருக்கிறதா? வடநாட்டுக் குழந்தை கடத்தல் கும்பல் இறங்கியிருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் ஆடியோ சுற்றியது. பழவேற்காட்டில், இங்கிருந்து பஸ்ஸில் போய்விட்டு அன்றைக்கே திரும்பிவிடலாம், தெருவில் திரிந்துகொண்டிருந்த ஒரு மனிதரை அடித்துப் பாலத்தில் தொங்கவிட்டார்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வம் கும்பிடக் காரில் போன ஒரு மூதாட்டி, குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார் என்பதற்காக அடித்துக் கொல்லப்பட்டார். அதை ஃபார்வர்ட் செய்த விரல்கள் படிக்காத விரல்கள் இல்லை. ‘பிச்சைக்காரர்கள் எல்லாம் மாஃபியா’, ‘அவன் பேங்க்கில் லட்ச லட்சமாய் வைத்திருக்கிறான்’ என்பதும் அந்த ரகம்தான். எங்கோ ஒருவர் இறந்தபின் மூட்டையில் பணம் இருந்தது என்று செய்தி வரும். அதைப் படித்துவிட்டு ஊரில் இருக்கிற எல்லாருக்கும் கையை மூடிக்கொள்வோம். சகுனம் பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அப்படியானால் பிச்சை போடலாமா கூடாதா என்று ஒரு மாணவி சீட்டு அனுப்பியிருக்கிறார். போடுங்கள், போடாமல் இருங்கள், அது உங்கள் கையிருப்பைப் பொறுத்தது. ஆனால் தெருவில் வாழ்கிற எல்லாரையும் பிச்சைக்காரர் என்று நினைக்காதீர்கள். வால்டாக்ஸ் சாலை, பிராட்வே பக்கம் தலைமுறை தலைமுறையாகப் பிளாட்பாரத்தில் குடும்பம் நடத்துகிறவர்கள் உழைத்துச் சாப்பிடுகிறவர்கள். மூட்டை தூக்குவார்கள், மீன்பாடி வண்டி ஓட்டுவார்கள், பூக்கட்டுவார்கள். அவர்களிடம் போய்ப் பத்து ரூபாயை நீட்டினால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள், அது சரியும்கூட. இன்னொன்று, நம் மாநிலத்தில் 1945-ஆம் ஆண்டுப் பிச்சை தடுப்புச் சட்டம் இருக்கிறது. டெல்லியில் இதே மாதிரிச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளை 2018-இல் அங்கே உயர் நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. பசியைக் குற்றமாக்க முடியாது என்பதே வாதம்.

பஞ்சாங்கம் பார்க்காமல் சோறு போட்ட மரபு நமக்கு இல்லையா என்றால், இருக்கிறது. வடலூரில் வள்ளலார் 1867-இல் தருமசாலையில் ஏற்றிய அடுப்பு இன்னும் எரிகிறது. திதி கேட்பதில்லை, சாதி கேட்பதில்லை. வந்தவருக்குப் பசியா, அவ்வளவுதான் கேள்வி. பக்தியிலிருந்து வந்ததுதான் அதுவும்.

தெருவில் இருக்கிறவருக்குச் சோறு முதல் தேவை என்று நாமாக முடிவு செய்துவிட்டோம். சென்னையில் அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி போட்ட ஊர் இது. நீங்கள் கேட்டுப் பாருங்கள், பெண்கள் முதலில் கழிப்பறை என்பார்கள். கட்டணக் கழிப்பறைக்கு ஒவ்வொரு தடவையும் காசு, ராத்திரியில் பூட்டு. அதனால் சாயந்திரம் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். அதிலிருந்து சிறுநீர்த் தொற்று. பொருளை வைக்கப் பூட்டுகிற பெட்டி ஒன்று வேண்டும், ஆதார் திருட்டுப் போகிறது. எந்தக் கிரகத்துக்கும் இதற்குப் பரிகாரம் எழுதவில்லை.

இரவுக் காப்பகம் இருக்கிறதே, ஏன் போகவில்லை என்பார்கள். உணவு உரிமை வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் பெருநகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், வருடம் முழுக்க, 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2013-இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்க விதிகள் ஓர் ஆளுக்கு 50 சதுர அடி என்றன. அறுபது லட்சம் தாண்டிய இந்த ஊருக்கு எத்தனை வேண்டும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். எண்ணிக்கை மட்டும் போதாது. ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி என்றால் புருஷன் பெண்டாட்டி பிள்ளைகள் பிரிய வேண்டும். காசிமேட்டில் விடியலுக்கு முன்னால் ஏலத்துக்கு நிற்க வேண்டியவர் எங்கோ ஒரு மூலைக் காப்பகத்தில் போய்ப் படுத்தால் பிழைப்பு போகும்.

இன்றைக்குப் புதன்கிழமை. விரதம், விசேஷம் ஒன்றும் கிடையாது. வேண்டுமென்றேதான் இந்த நாளைத் தேர்ந்தெடுத்தோம். அமாவாசை அன்று எண்ணினால் கோயில் வாசலில் வேறு ஊரிலிருந்து வந்தவர்களும் சேர்ந்துவிடுவார்கள், எண்ணிக்கை பொய் சொல்லும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் வீடற்றோரை ஒரே இரவில், பிப்ரவரி 28 அன்று, எண்ணினார்கள். நாடு முழுக்க 17.7 லட்சம் பேர் என்று வந்தது. பாலத்தடியில், பூட்டிய கடைப் படிக்கட்டில், நிறுத்திய லாரிக்கு அடியில் படுத்தவர்களைப் பார்க்காமல் விட்டால் அவர்கள் கணக்கிலும் இல்லை.

போகும்போது சில விஷயம். டார்ச்சை முகத்தில் அடிக்காதீர்கள், தரையில் அடியுங்கள். எழுப்ப வேண்டாம், தூங்குகிறவரைத் தலைக்கணக்கில் மட்டும் சேருங்கள். விழித்திருப்பவரிடம் முதலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள், பிறகு கேளுங்கள். ‘பாட்டி’, ‘ஐயா’, ‘அக்கா’ என்று கூப்பிடுங்கள், ‘ஏய்’ கிடையாது. போட்டோ எடுக்கக்கூடாது, செல்ஃபி நிச்சயமாகக் கூடாது. பிஸ்கட், போர்வை எதுவும் இன்று எடுத்துக்கொண்டு போக வேண்டாம், கொடுத்தால் அதற்குத் தகுந்த பதில்தான் வரும். வாக்காளர் அட்டை இல்லை என்று சொல்பவரைத் தனியாகக் குறியுங்கள். வீடற்றவருக்கு முகவரிச் சான்று தேவையில்லை, அங்கேதான் படுக்கிறார் என்பதை வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் நேரில் வந்து பார்த்து உறுதிசெய்தால் போதும் என்று தேர்தல் ஆணையமே சொல்லியிருக்கிறது. ஆதரவற்ற முதியவர் என்றால் 14567, பெண்கள் 181, குழந்தைகள் 1098. மூன்றையும் இப்போதே போனில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

வேன் வந்துவிட்டது என்கிறார்கள். காசிமேடு, பேசின் பிரிட்ஜ் குழுக்கள் கிளம்பலாம். வால்டாக்ஸ் சாலைக் குழு மட்டும் கொஞ்சம் இருங்கள், அங்கே குடும்பங்கள் அதிகம், படிவத்தின் இரண்டாம் பக்கத்தை எப்படி நிரப்புவது என்று சொல்லிவிடுகிறேன்.